சன்னல்களைப் பார்த்தவர்

அன்ரியோடு இருந்து படம் பார்ப்பது கஷ்டமான காரியம். கதாநாயகன் கதாநாயகியிடம் முக்கியமாக எதையோ சொல்லிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து அன்ரி ரிமோட்டை நீட்டிப் படத்தை நிறுத்துவார்.

"பிள்ளை, அங்கால பாரும். அந்த மேல்மாடிச் சன்னல். கேர்ட்டின் ஆடினது. கண்டனீரோ?"

நான் கண்டிருக்க மாட்டேன். பின்னால் ஓட்டி மறுபடியும் போடுவார். முன்னால் தொப்பி போட்ட ஒருவன் ஈரத் தெருவில் நடந்து போவான். அவனுக்குப் பின்னால், கரி படிந்த செங்கல் வீடுகளின் வரிசையில், ஏதோ ஒரு சன்னலின் திரை கொஞ்சம் விலகி மூடும். அவ்வளவுதான். அன்ரிக்கு அன்றைய படம் அதோடு நிறைவேறிவிடும். அந்தத் தொப்பிக்காரன் பிறகு பிடிபட்டானா, செத்தானா என்பதெல்லாம் என்னுடைய கவலை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். நான் கைக்குழந்தையோடு வீட்டில். அதே தளத்தில் அன்ரி தன் மகள் குடும்பத்தோடு இருந்தார். மகளும் மருமகனும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால், அந்தத் தளத்தில் ஆளரவம் எங்கள் இரண்டு வீடுகளில் மட்டும்தான். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுத்தான் முதன்முதலில் வந்து கதவைத் தட்டினார்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்ர வீட்டை வாரும். படத்தைப் போட்டுவிட்டா உவன் நித்திரையாப் போவான். உந்தப் படங்களில ஒருத்தரும் கத்திறேல்லை."

அது உண்மைதான். என் மகன் அந்த ஆண்டு முழுவதும் கறுப்பு வெள்ளை லண்டனில்தான் நித்திரை கொண்டான்.

பார்த்தவை எல்லாம் பழைய பிரிட்டிஷ் படங்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சானலில் போடுவார்கள். இல்லாவிட்டால் அன்ரி நூலகத்தில் வீடியோ கசெற் எடுத்து வருவார். கதை நகரத்தில் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. "கிராமத்துப் படமெண்டா வேலியும் ஆடும்தான் கிடக்கும். ஆடு சாட்சி சொல்லுமோ?" என்பார்.

கலியாணத்துக்கு முன் அவர் கொழும்புக் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் சுருக்கெழுத்து எழுதுபவராக இருந்தவர். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய, கூட வேலை செய்த பெண்களோடு ஆங்கிலப் படத்துக்குப் போவாராம். அவருடைய ஆங்கிலம் அந்தக் கொட்டகைகளில் படிந்தது, அப்படியே பழசாகி நின்றுவிட்டது. எங்கள் கட்டடத்தைப் பராமரிப்பவன் அவரோடு பேசும்போது ஏனென்று தெரியாமலே நிமிர்ந்து நிற்பான்.

இவ்வளவு விருப்பமாகப் பார்த்த படங்களிடம் அவருக்குத் தயவுதாட்சணியம் இருக்கவில்லை. பாதிப் படங்களில் தெருவே பொய் என்பார். "உது ஸ்டூடியோத் தெரு. மழையைப் பாரும், கமராவுக்குக் கிட்டத்தான் பெய்யுது. அங்கால றோட்டு காய்ஞ்சுபோய்க் கிடக்கு. சன்னலுக்குள்ள லைற் எரியுது, ஆனா உள்ளுக்கு ஆள் நிக்க இடமில்லை. பின்னால பலகை." அப்படிப்பட்ட படத்தை, கொலைகாரன் யாரென்று தெரிய முன்னரே நிறுத்திவிடுவார்.

உண்மையான தெருவில் எடுத்த படமென்றால் கதை எவ்வளவு மோசமாக இருந்தாலும் கடைசிவரை இருப்பார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளுக்கு நடுவே மிஞ்சிய வீடுகளில் சனம் குடியிருக்கும். அந்தச் சனம் படப்பிடிப்பை ஒளித்து நின்று பார்த்திருக்கும். "இவ நடிகை இல்லை, பிள்ளை. அந்த வீட்டு மனுசி. சட்டியை அடுப்பில வைச்சிட்டு வந்து எட்டிப் பாக்கிறா. ஒருத்தரும் இவவை நடிக்கச் சொல்லேல்லை. இவ கண்டது கண்டதுதான்."

ஒரு விடுமுறை நாளில் என் கணவரும் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவர் ஊர்க் கொட்டகைகளில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர். கொஞ்ச நேரத்தில் பொறுமை போய்விட்டது.

"அன்ரி, ஒரு பாட்டில்லை, ஒரு சண்டையில்லை. என்னத்தைப் பாக்கிறியள்?"

"தம்பி, உந்தப் படங்களில பால்காரனுக்கும் கண் இருக்கு. படி கழுவுறவளுக்கும் கண் இருக்கு. பொலிஸ் வந்து தொப்பியைக் கழட்டிப்போட்டு, நீங்கள் என்ன கண்டனீங்கள் எண்டு மரியாதையாக் கேக்கிறான். அவள் சொல்லச் சொல்ல எழுதிறான். எங்கட படத்தில சாட்சி எண்டா அது கதாநாயகன்ர கூட்டாளி."

"அப்ப நல்ல படங்கள் எண்டு சொல்லுங்கோவன்."

"ஆர் சொன்னது? லண்டன் அவ்வளவு பெரிய துறைமுகம். உலகத்துக் கப்பல் எல்லாம் வந்து நிக்குது. றோட்டில எங்கட நிறத்தில ஒருத்தனைக் காணேல்லை. ஒருத்தன் வந்தாலும் தட்டம் தூக்கிக்கொண்டுதான் வாறான். மற்றது, தாய்."

"தாய்க்கு என்ன?"

"பிள்ளை செத்துப்போச்செண்டு பொலிஸ் கதவடியில வந்து சொல்லும். தாய் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். அதோட அவளின்ர பாகம் முடிஞ்சுது. பிறகு கொலைகாரனைத் துரத்திக்கொண்டு கூரை கூரையா ஓடுவாங்கள். அந்த வீட்டுக்கு ஒருத்தரும் திரும்பிப் போறேல்லை."

சிரித்துக்கொண்டிருந்த என் கணவர் எழும்பி, நித்திரையாய்க் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எனக்கு அது பிறகு, உடுப்புத் தோய்க்கும் அறையில் அன்ரியின் மகள் சொல்லித்தான் தெரியவந்தது.

அன்ரிக்கு ஒரு மகனும் இருந்தான். தகப்பன் செத்தபின் தாயும் மகனும் வெளிநாடு வருவதற்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லேனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஒரு காலையில் பேக்கரியில் பாண் வாங்கப் போன பையன் திரும்பவில்லை. நம்பர் பிளேற் இல்லாத வான் ஒன்று அந்தப் பக்கம் போனதென்று சந்திக் கடைக்காரன் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. போர்க்காலக் கொழும்பில் தமிழ்ப் பெடியன்களை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். லேனின் இரண்டு பக்கமும் மாடி வீடுகள். அன்ரி ஒரு கேற் விடாமல் தட்டிக் கேட்டார். ஒருவரும் காணவில்லை என்றார்கள். பையனுக்குப் பத்தொன்பது வயது. அன்ரி அவனைத் தேடித் தேடி அங்கேயே இருந்து, கடைசியில் மகள் வற்புறுத்தித் தனியாகக் கனடா வந்தவர்.

"எல்லாச் சன்னலும் திறந்துதான் கிடந்தது எண்டு அம்மா சொல்லுவா" என்றார் மகள், காய்ந்த உடுப்புகளை மடித்தபடி. "அதுக்கு மேல என்னோட அதைப்பற்றிக் கதைக்க மாட்டா."

என்னோடும் கதைத்ததில்லை. ஆனால் கொழும்பிலிருந்து புதிதாக வந்த எவரைக் கண்டாலும், கோயிலோ கடையோ பிறந்தநாள் வீடோ, முதலில் கேட்பது ஒன்றுதான். "நீங்கள் எந்த லேன்?" மற்றவர்கள் ஊரைக் கேட்பார்கள். அவர் லேனைக் கேட்பார்.

ஒரு மாசி மாதப் பின்னேரம் அவர் எங்கள் வீட்டில் இருந்தார். திடீரென எழும்பிச் சன்னலடிக்குப் போனார். கீழே கார்கள் நிறுத்துமிடத்தில் சாதாரண உடுப்புப் போட்ட இருவர் ஒரு தமிழ்ப் பெடியனைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையைக் கிடத்திவிட்டுத் திரும்ப, அன்ரியைக் காணவில்லை. மறுபடி சன்னலால் பார்த்தபோது, வீட்டுச் செருப்போடு, கோட்டும் இல்லாமல், பனிக்குள்ளால் நடந்து போய் அந்தக் காரின் முன்னால் நின்றார். கார் நகர முடியாமல் நின்றது. ஒருவன் இறங்கி வந்து எதையோ எடுத்துக் காட்டினான். அன்ரி அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் விலகினார்.

"பொலிஸ் எண்டாங்கள்" என்றார் வந்து. "பெடியனை எங்க கொண்டுபோறியள், உங்கட பேர் என்ன எண்டு கேட்டனான். எழுத்துக் கூட்டிச் சொன்னான்."

கால்விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. நான் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவரைச் சிரிக்க வைக்க நினைத்து, "தொப்பியைக் கழட்டினவனோ, அன்ரி?" என்று கேட்டேன்.

"அவனுக்குத் தொப்பி இல்லை" என்றார், சிரிக்காமல்.

ஏதோ விசாரித்துவிட்டுப் பெடியனை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். அவனுடைய தாய் மறுநாள் வந்தார், நன்றி சொல்ல அல்ல. ஒருவருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்க வந்தார். "நான் சொல்லமாட்டன்" என்றார் அன்ரி. "ஆனா நான் கண்டனான். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

அதன் பிறகு பொழுதுபடும் நேரத்தில் எங்கள் சன்னலை மூட எனக்கு ஒரு தயக்கம் வந்துவிட்டது. எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும். ஒவ்வொரு சன்னலிலும் ஆரோ நிற்பது போலவும், ஒன்றிலும் ஒருவரும் இல்லாதது போலவும் மாறி மாறித் தோன்றும்.

அடுத்த ஆண்டு என் கணவரின் அக்கா கொழும்பிலிருந்து தனியாக வந்து எங்களோடு தங்கினார். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் இன்னும் கொழும்பில், ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். இங்கே அலுவல்கள் சரிவந்ததும் அவரைக் கூப்பிடுவதாகத் திட்டம். மச்சாள் வந்த கிழமையே அன்ரி கதவைத் தட்டினார்.

"நீங்கள் கொழும்பில எந்த லேன்?"

மச்சாள் ஒரு லேனின் பெயரைச் சொன்னார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆண்டுக்கணக்காக நாங்கள் கடிதம் போட்ட விலாசம் அது இல்லை.

அன்ரி போனபின் கேட்டேன். மச்சாள் கதவுப் பக்கம் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "அந்த மனுசியின்ர குரலை எனக்குத் தெரியும். அண்டைக்கு எங்கட கேற்றடியில நிண்டு கேட்டவ. வீட்டுக்கார அம்மாதான் போய், ஒருத்தரும் காணேல்லை எண்டு சொன்னவ. நான் மாடிப்படியில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."

"நீங்கள் கண்டனீங்களோ, மச்சாள்?"

"கண்டனான். மேல் சன்னலால."

அன்ரியிடம் சொல்லும்படி நான் வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படம் பார்க்க வரும்படி அன்ரி கூப்பிடும்போதெல்லாம் மச்சாள் தலையிடி என்றார், சமையல் என்றார். ஒரு நாள் சாட்டுகள் முடிந்துபோயின. மூவருமாகப் போய் இருந்தோம்.

அன்றைய படம் லண்டனுக்கு வடக்கே ஓர் ஆலை நகரத்தில் நடந்தது. எதிர்வீட்டுக்காரி இன்ஸ்பெக்டரிடம் சாட்சி சொல்கிறாள். ஓடியவனின் தொப்பி, கோட்டில் இல்லாமல் போன பொத்தான், அவன் எந்தக் கையால் கதவைச் சாத்தினான், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூடாது. உது எழுதிக் குடுத்துப் பாடமாக்கின சாட்சி. உண்மையாக் கண்டவளுக்கு இவ்வளவும் நினைவில நிக்காது. ஒண்டு ரெண்டு விசயம் சொல்லுவாள். அதுவும் ஒருத்தருக்கும் தேவையில்லாத விசயமா இருக்கும்."

"ஒரு செருப்பு கழண்டு விழுந்தது" என்றார் மச்சாள்.

அன்ரி படத்தை நிறுத்தவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"என்ன செருப்பு?"

"றப்பர்ச் செருப்பு. நீல வார். தண்ணி ஓடுற கானுக்குப் பக்கத்தில விழுந்தது."

திரையில் இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார். அன்ரி ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அது என்னட்டைக் கிடக்கு" என்றார். "நான்தான் எடுத்தனான். மகளுக்கும் தெரியாது."

அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். எத்தனை பேர், ஆர் கையைப் பிடித்தது, அவன் கத்தினவனோ. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு காலத்தில் அலுவலகத்தில் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பார் போலும்.

"கத்தேல்லை, அன்ரி. மேல பாத்தவர்."

"உங்களையோ?"

"ஓம்."

அழுதது மச்சாள்தான்.

அடுத்த நாளும் அன்ரி மச்சாளைக் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். படம் போடுவது நின்றுபோயிற்று. ஓடாத ரீவிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். மச்சாள் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அன்ரி கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் எழும்பி வந்துவிட வேண்டியதுதான். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருப்பேன். அந்தப் பையனை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அந்த நாட்களில் அவன் எங்கள் மூவருக்கும் நடுவே அந்தக் கூடத்தில் நடமாடினான்.

நாள் போகப் போகக் கதை மெல்ல மாறியது. முதலில் மேலே பார்த்தவன், பிறகு கையைத் தூக்கினான். ஒரு நாள் சிரித்தான்.

"பயப்படாதேங்கோ எண்டு சொல்லுற மாதிரி ஒரு சிரிப்பு, அன்ரி" என்றார் மச்சாள்.

 ஒரு தாய்க்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல் மச்சாள் இதைக் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அன்ரி கண்ணைத் திறந்தார்.

"உது படம்."

"அன்ரி..."

"நல்லாத்தான் சொல்லுறீர். ஆனா உது படம். அவன் விடியக்காலமை ஒருத்தரையும் பாத்துச் சிரிக்கமாட்டான், என்னைப் பாத்தும் சிரிக்கமாட்டான். எனக்கு நல்லாச் சொல்ல வேண்டாம். கண்டதைச் சொல்லும்."

அதுவரை மச்சாளை நீங்கள் என்று பேசியவர் அன்றுதான் முதல்முறையாக, என்னோடு பேசுவது போல நீர் என்றார்.

மச்சாள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "அவர் மேல பாத்தவர். நான் கேர்ட்டினை இழுத்து மூடினனான். அவர் என்னைப் பாத்துக்கொண்டிருக்கேக்கதான் மூடினனான். அதுக்குப் பிறகு ஒண்டும் காணேல்லை. வான் போற சத்தம் மட்டும் கேட்டது."

அன்ரி மச்சாளுக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன நிறம்?" என்றார் அன்ரி.

"என்ன, அன்ரி?"

"கேர்ட்டின்."

"மஞ்சள். சின்னப் பூப் போட்டது."

அன்ரி தலையாட்டினார். "இப்ப சரி" என்றார். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டு வந்தார். மச்சாளிடம் நீட்டும்போது தேத்தண்ணி கீழே சிந்தியது. மச்சாள் துடைக்கக் குனிந்தபோது அன்ரி அவருடைய தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார். அதன் பிறகு அந்தக் கதையைச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை.

விஷயம் மகளுக்குத் தெரியவந்தது. காணாமல் போனவர்களைப் பற்றிக் கொழும்பில் ஏதோ விசாரணை நடப்பதாகவும், கண்டவர் பெயரோடு கையெழுத்து வைத்துக் கொடுத்தால் எடுபடும் என்றும் ஒரு வழக்கறிஞர் சொல்லியிருந்தார். மகள் தாயையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அத்தான் அங்க நிக்கிறார்" என்றார் என் கணவர். "அக்காவின்ர பேர் அங்க போனா, அவங்கள் அடுத்ததா ஆரைத் தேடி வருவாங்கள்?"

"அப்ப என்ர தம்பி?" என்றார் மகள்.

 "நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார் மச்சாள். 

"வேண்டாம்" என்றார் அன்ரி. "முதல் அந்த மனுசன் இஞ்ச வந்து சேரட்டும்."

"அம்மா, அதுக்கிடையில விசாரணை முடிஞ்சுபோம்."

"முடியட்டும்."

"இவ்வளவு வருசமும் இதுக்காகத்தானே உயிரோட இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றார் அன்ரி. "அதுக்காக, பாண் வாங்கப் போன இன்னொருத்தன் திரும்பி வராமல் விட நான் சம்மதிக்கேலாது."

மகள் கன நாட்கள் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.  அன்ரி மச்சாளைக் காணும்போதெல்லாம் அவருடைய கணவரைப் பற்றி விசாரிப்பார். "அவர் சுகமா இருக்கிறாரோ? விடியத் தனியக் கடைக்குப் போறவரோ? போக வேண்டாமெண்டு எழுதும்." சில கிழமைகளில் இரண்டு தரம் கேட்பார். மச்சாளுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பயம் கூடியது. ஆனாலும் ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதினார்.

மச்சாளின் கணவர் வந்து சேர இரண்டு குளிர்காலங்கள் எடுத்தன. வந்தபின் மச்சாள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினார், மஞ்சள் திரையையும் சேர்த்து. விசாரணை முடிந்துவிட்டது என்றுகூட அங்கிருந்து எவரும் பதில் போடவில்லை.

மச்சாளின் கணவரைக் கூட்டிவர நாங்கள் விமான நிலையத்துக்குப் போன அன்று அன்ரியும் வந்தார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே காரடியில் வந்து நின்றார், கையில் ஒரு கடைப் பையோடு. கதவுகள் திறந்து திறந்து மூட, மச்சாளின் கணவர் வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டிய, வயிறு வைத்த, அகன்ற தோள் மனிதர். மச்சாள் ஓடிப் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அன்ரி பின்னால் நின்று அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு கிட்டப் போய்ப் பையைத் திறந்தார்.

உள்ளே கடும்நீல நிறத்தில் ஒரு புதுக் குளிர் ஜாக்கெற். தனியாக பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறார். விரித்துப் பிடித்ததுமே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மெலிந்த ஒரு பெடியனுக்கான அளவு அது. 

அவர் ஜாக்கெற்றையும் பார்த்தார், அன்ரியையும் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையைச் சிரமப்பட்டு நுழைத்தார். பிறகு மற்றக் கையை. மணிக்கட்டுக்கு மேலேயே கை முடிந்துவிட்டது. முன்பக்கம் இரண்டும் ஒன்றோடொன்று எட்டவில்லை.

"அளவோ?" என்று கேட்டார் அன்ரி.

"அளவுதான், அம்மா. நல்ல சூடாக் கிடக்கு."

ஸ்காபரோ வந்து சேரும்வரை, காருக்குள் ஹீற்றர் போட்டிருந்தும், அவர் அதன் இரண்டு விளிம்புகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கையால் பிடித்தபடி இருந்தார்.